மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு சீமைக் கார்

1951இல் கப்பலில் வந்திறங்கிய சீமைக் கார் என்னுடையது. அதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் என் மனைவியே எழுந்து போய்விடுவாள்.

அதனால், தன் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான் வேண்டும் என்று குன்றாண்டார்கோவில் உதயசூரியன் வந்து நின்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஜமீன்தார் வச்சிருந்த வண்டிங்க. ஹாரன்கூட ஒரிஜினல்!" என்றேன்.

அவர் காதில் அது ஏறவேயில்லை. "எம்புட்டு வேகம் போகும்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இருபதைத் தாண்டாதுங்க."

"கதவு?"

"பின்கதவை வெளியில இருந்துதான் தொறக்கணும். கண்ணாடியும் எறங்காது."

அவ்வளவுதான், ஆள் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவரோ என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "பழைய காரோட அருமை தெரிஞ்ச ஒரே மனுசன் நீங்கதாங்க!"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. மாப்பிள்ளை எங்க அக்கா மகன்தான், ரொம்பப் பயந்த சுபாவம். போன முகூர்த்தத்துல கோயில்ல இருந்து மண்டபத்துக்கு வர்ற வழியில கதவைத் தொறந்து ஓடிட்டாரு. மக அவரைத்தான் கட்டுவேன்னு நிக்கிது. ஒங்க கார்ல ஏத்திட்டா எங்கிட்டு ஓடுவாரு?"