பொத்தான் மூத்தவள் கையில்

மூத்த மருமகளின் உள்ளங்கையில் பொத்தான் வியர்வையில் வழுக்குகிறது. அதை அழுத்தினால் புதருக்குப் பின்னாலிருக்கும் எந்திரம் ஆரஞ்சு நிறக் களிமண் தட்டொன்றை வானத்தில் வீசும். பறக்கும்போதே அதைச் சுட்டு உடைக்க வேண்டும். ஐந்து ஞாயிறாகத் துப்பாக்கிப் பயிற்சிக்கு வந்து இவள் உடைத்தது மூன்றே தட்டு. தோள் கன்றிப்போனதுதான் மிச்சம். இன்றைக்குத்தான் முதன்முதலாகத் துப்பாக்கியைத் தொட்ட ஓரகத்தி, அதற்குள் நாலு தட்டை உடைத்துவிட்டு, கொண்டையில் ஊசி செருகுவது போல அலட்சியமாக அடுத்த தோட்டாவை நுழைக்கிறாள். "இவங்களுக்கு நல்லா வருது" என்று சிரிக்கிறார் பயிற்சியாளர். இவளைப் பார்த்து ஒரு நாளாவது அப்படிச் சிரித்திருப்பாரா? "விடுங்கக்கா" என்கிறாள் இளையவள், துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தைப் பதித்தபடி. மூத்தவள் அழுத்தவில்லை. துப்பாக்கி முனை லேசாக நடுங்குகிறது. நடுங்கட்டும். இன்னும் கொஞ்சம் காக்கவைத்துவிட்டு, போனால் போகிறதென்று அழுத்துகிறாள். தட்டு சீறிக் கிளம்புகிறது. வெடிச்சத்தம் அடங்கிய பிறகும் ஆரஞ்சுத் தூள் வெயிலில் மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கிறது. இளையவள் காதுமூடியைத் தள்ளிவிட்டுத் திரும்புகிறாள். "மூச்சப் பிடிச்சிட்டு நின்னேன். அதக் கவனிச்சு, நான் நிதானமாகறவரைக்கும் காத்திருந்தீங்கல்ல, அதான் பட்டுச்சு." பயிற்சியாளர் முதல்முறையாக மூத்தவளைப் பார்த்துச் சிரிக்கிறார். "உங்களுக்குப் பொத்தான் நல்லா வருதும்மா."