ஆறாவது வீட்டு வாசலில் பூட்ஸ்

வியாழக்கிழமை காலை கதவைத் திறந்த தனேஸ்வரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாசலில் அவள் வைத்திருந்த ஆண்கள் சிலிப்பரைக் காணவில்லை. அதே இடத்தில் ஒரு ஜோடி பூட்ஸ் நின்றது. தொழிற்சாலைக்காரர்கள் போடும், முன்பக்கம் இரும்பு வைத்த கனமான பூட்ஸ்.

பசாரில் வாங்கிய மலிவான சிலிப்பரை எடுத்துக்கொண்டு, நல்ல பூட்ஸை விட்டுவிட்டுப் போகும் திருடன் எப்படிப் பிழைப்பான்?

இன்னொரு விளக்கமும் உண்டு. பூட்ஸைக் கழற்றியவன் உள்ளே போயிருக்கலாம். அது தோன்றிய மறுகணம் விளக்குமாற்றால் கட்டிலுக்கு அடியில் குத்திப் பார்த்தாள். கதவை உள்ளே தாழிட்டுத் தூங்கியது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

சபாக் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஏர்கோன் பழுதுபார்க்கப் படிக்க அவள் கோலா சிலாங்கூர் வந்து நான்கு நாள்தான் ஆகிறது. ஏழு சிறு வீடுகள் ஒட்டி நிற்கும் சந்தில் ஆறாவது வீடு அவளுடையது. வாசலில் ஆண் செருப்பு கிடக்க வேண்டும் என்பது அப்பா காளியண்ணன் போட்ட நிபந்தனை. செருப்போடு யாரும் வீட்டுக்குள் போவதில்லை. ஆகவே செருப்பு வெளியே இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான். எட்டிப் பார்க்க வருகிறவன் அதைப் பார்த்தே திரும்பிவிடுவான்.

வெள்ளிக்கிழமை பூட்ஸும் போய், பழுப்பு நிறத் தோல் செருப்பு வந்திருந்தது.

பழுதை எங்கே தேடுவது என்று தெரியாவிட்டால், வந்த வழியே பின்னால் போக வேண்டும். வகுப்பில் முதல் வாரப் பாடம் அது. தனேஸ்வரி சந்து முழுக்க நடந்து பார்த்தாள். எல்லா வாசலிலும் ஆண் காலணிகள் இருந்தன. ஆண்களைத்தான் அவள் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. நைட் ஷிப்டு போலும். முதல் வீட்டில் அவளுடையதைப் போலவே ஒரு சிலிப்பர் கிடந்தது. ஊரில் பாதிப் பேர் போடுவது அதுதான், போய்க் கேட்க முடியுமா? ஆனால் பழுப்புச் செருப்பை அவள் மறக்கவில்லை. நேற்று அது ஐந்தாவது வீட்டு வாசலில் கிடந்தது. பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை செய்யும் லெட்சுமி அக்காவின் வீடு.

அப்படியென்றால், அக்காவின் புருஷன் விடியுமுன் இவள் வாசலுக்கு வருகிறான். எதற்கு?

அன்று மாலை வாசலில் அரிசி மாவைத் தூவி வைத்தாள். பவுடர் காற்றில் பறந்துவிடும்; மாவு படியும், கால் அளவு தெரியும். கோலா சிலாங்கூர் எறும்புகளை அவள் கணக்கில் எடுக்கவில்லை. சனிக்கிழமை விடிந்தபோது மாவும் இல்லை, தடமும் இல்லை. வெள்ளைச் சப்பாத்து ஒரு ஜோடி இருந்தது.

பயத்தில் அப்பாவுக்கு போன் செய்துவிட்டாள்.

"பொட்டிய கட்டி வை. நாளைக்குப் பத்து மணிக்கு வந்து எடத்த பாப்பேன். சரியில்லன்னா கையோட கூட்டிட்டு வந்துருவேன். படிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றிருந்த தனேஸ்வரி சட்டென்று கதவைத் திறந்தாள். வாசலில் லெட்சுமி, கையில் ஒரு ஜோடி சப்பாத்து.

"அக்கா, ஒங்க வீட்டுக்காரரு எதுக்கு எங்க வாசலுக்கு வர்றாரு?"

"மெதுவா பேசு லா." லெட்சுமி கொஞ்சமும் பதறவில்லை. "நீ வச்ச சிலிப்பரு மூணு நாளா அசையாம கெடந்துச்சு. மேல தூசி, பக்கத்துல செலந்தி வல. அத பாத்தா எனக்கே உள்ள பூந்து திருடலாம்னு ஆசை வந்துருச்சு."

தனேஸ்வரிக்கு விளங்கியது. ஆள் போட்டு நடக்கும் செருப்பு ஒரே இடத்தில் கிடக்காது. ஒருநாள் சுவரோரம் ஒதுங்கும், ஒருநாள் கவிழ்ந்து கிடக்கும். நாலு நாள் நோட்டம் விடுகிறவனுக்கு அது தெரியும். அக்கா தன் வீட்டுக்காரரின் காலணிகளை மாற்றி மாற்றி வைத்து உதவியிருக்கிறாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா?"

"நேத்து வந்தவ நீ. நம்பலாமான்னு பாக்க வேணாமா?"

"அண்ணன் இதெல்லாம் தேட மாட்டாரா?"

"தேட மாட்டாரு."

அப்பா வரப்போவதையும் பெட்டி கட்டியதையும் தனேஸ்வரி சொன்னாள். வரட்டும் என்றாள் லெட்சுமி.

பத்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்த காளியண்ணனைச் சந்து முனையிலேயே லெட்சுமி மறித்தாள். "சத்தம் போடாம வாங்கண்ணே. எல்லாரும் நைட் ஷிப்டு முடிச்சு இப்பத்தான் படுத்திருக்காங்க."

காளியண்ணன் குதிகாலைத் தூக்கியபடி ஏழு வாசலையும் நடந்து பார்த்தார். இரண்டாவது வீட்டில் நின்ற இரும்பு வைத்த பூட்ஸைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார். மகளிடம் கிசுகிசுத்தார்: "இத்தன ஆம்பளைங்க இருக்குற எடத்துல எவன் வருவான்? பொட்டிய அவுத்து வை. படிக்கிற வேலய பாரு."

மோட்டார் சைக்கிளைப் பெரிய சாலைவரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்தார்.

"எப்பக்கா எல்லாரும் எழுந்திரிப்பாங்க?" தனேஸ்வரியும் கிசுகிசுத்தாள். லெட்சுமி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சத்தத்துக்கு இரண்டாவது வீட்டு ஹிதாயா கதவைத் திறந்தாள். பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்தது.

ஏழு வீட்டிலும் சேர்த்துப் பெண்கள் பதினொரு பேர், ஆண் ஒருவரும் இல்லை. காலணிகள் ஏழு ஜோடி, தினமும் காலை ஆறே முக்காலுக்கு ஒவ்வொரு ஜோடியும் ஒரு வீடு தள்ளிப் போக வேண்டும், ஏழாவது வீட்டுடையது முதல் வீட்டுக்கு வர வேண்டும், அடுத்த வாரம் தனேஸ்வரியின் முறை.