தரங்கம்பாடிக்கு இரண்டு டிக்கெட்

“கிட்டப் போயிப் பாரேன். கடிக்கவா போகுது?” என்றான் முத்திருளன்.

செல்லத்தாய் போகவில்லை. தரங்கம்பாடிக் கடற்கரை மணலில் டிரங்குப் பெட்டியை வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். பெட்டி பிதுங்கியது. கல்யாணச் சீராக வந்த குத்துவிளக்கின் நுனி மூடியை மீறி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

ஒன்பது வருடமாக அவள் கேட்டது இந்தக் கடலைத்தான். சோழவந்தான் வெற்றிலை மண்டியில் தொங்கிய காலண்டரில் டேனிஷ்காரன் கட்டிய கோட்டையையும், அலை பாதி தின்றுவிட்ட கோயிலையும் பார்த்த நாளிலிருந்து அந்த ஆசை. இவனுக்கு வெற்றிலைக் கொடிக்காலை விட்டு நகர நேரம் ஏது? அடுத்த வருசம், அடுத்த வருசம் என்றே காலத்தை ஓட்டிவிட்டான்.

இன்று விடிந்ததும் திருமங்கலத்திலிருக்கும் அம்மா வீட்டுக்குப் போகக் கிளம்பி, மதுரை பஸ் ஸ்டாண்டில் நின்றவளை ஓடிவந்து மறித்தான்.

“கடல் பாக்கப் போவமா?”

மறுபேச்சுப் பேசாமல் ஏறினாள். சந்தோஷமா கோபமா, முகத்தில் ஒன்றும் இல்லை. தஞ்சாவூரில் இட்லி வாங்கிக் கொடுத்தான், தின்றாள். மாயவரத்தில் சோடா வாங்கிக் கொடுத்தான், குடித்தாள்.

சண்டைக்குக் காரணம் ஒரு காளை. பொங்கலன்று அவனியாபுரம் ஜல்லிக்கட்டில், அதுவரை எவன் கையும் படாத முத்திருளனின் காளையை, அவள் தம்பி மருது திமிலைக் கட்டிப்பிடித்து அடக்கிவிட்டான். கூட்டம் விசிலடித்துச் சிரித்தது. மச்சினனை ஒன்றும் செய்யமுடியாத வீராதி வீரர், வீட்டுக்கு வந்து அவளிடம் குதித்தார்.

“அந்தா பாரு கோட்டை. எம்புட்டு நாளாச் சொன்ன!”

“ம்.”

“கோயிலு?”

“பாத்தாச்சு.”

பழையபடி ஒரே ஒரு தடவை ‘மச்சான்’ என்று கூப்பிட்டுவிட மாட்டாளா என்று முத்திருளனுக்கு ஏக்கமாக இருந்தது.

“செல்லத்தாயி, நான் செஞ்சது தப்புத்தான். புத்தி கெட்டுப் போயிட்டேன். அந்தக் காளைய வித்துப்புடுறேன். மருது கால்ல வேணாலும் விழுறேன். வீட்டுக்கு வந்துரு.”

அவள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும்.

அப்போது கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு போட்டோக்காரர் வந்தார். “கோட்டை தெரியிற மாதிரி ஒரு படம் எடுத்துக்குங்களேன். விலாசம் குடுத்தா தபால்ல அனுப்பிடுவேன்.”

முத்திருளனுக்கு முகம் மலர்ந்தது. விறுவிறுவென்று தலையைக் கோதி, சட்டையை நீவிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றான். அவள் எழுந்து, நாலடி தள்ளி நின்றாள். அவன் மறுபடி நெருங்கினான், அவள் மறுபடி விலகினாள்.

போட்டோக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துச் சிரித்தார். “புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல எதுக்கும்மா இவ்வளவு எடம்? பக்கத்துல நில்லுங்க.”

செல்லத்தாய் அன்று முதன்முதலாக நிமிர்ந்து, நிதானமாகச் சொன்னாள்:

“பக்கத்துல நிக்கக் கூடாதுண்ணே. நேத்தே ஊர்க்கூட்டத்துல இவுக துரும்பக் கிள்ளிப் போட்டு, இனிமே பொண்டாட்டி இல்லேன்னு என்னையத் தீத்து விட்டுட்டாக.”