தொடுநர்

சாக்கடை அள்ளியவர்களின் கைகளில்தான் ஈஸ்ட் என்ற நுண்பூஞ்சையின் அந்தப் புது வகை முதலில் அகப்பட்டது. கூட்டமாக ஒட்டிப் படலம் கட்டும் மரபணு அதில் அணைந்திருந்தது. உடம்பில் செருகிய குழாயில் அது ஏறிவிட்டால், தொற்றாகி ஆளைக் கொல்லும் வேறு ஈஸ்ட்டும் அங்கே படலம் கட்டுவதில்லை. ஆய்வகத்தில் வளர்த்தால் செத்துவிடும். அதற்கு மனிதத் தோல்தான் வேண்டும்.

அதனால் மருத்துவமனையில் துப்புரவு செய்துகொண்டிருந்த, கைகளில் அந்த ஈஸ்ட் இருந்த தவமணிக்குத் தொடுநர் என்ற புதிய பதவி கிடைத்தது. நோயாளிகளின் குழாய்களை ஆளுக்குப் பத்து நிமிடம் பிடித்துக்கொண்டிருப்பது வேலை.

ஏழாம் அறையில் ஒரு டயாலிசிஸ் நோயாளி. தவமணி முன்பு கூட்ட வரும்போதெல்லாம் அவர் மனைவி வேதவல்லி புடவையை ஒதுக்கிக்கொண்டு நிற்பாள். இன்று வாசலிலேயே காத்திருந்தாள்.

"வாம்மா. நல்லா அழுத்திப் பிடி."

"கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா. தொண்டை காயுது."

வேதவல்லி பாட்டிலை உயரத் தூக்கினாள். "கையை ஏந்து, ஊத்துறேன்."

"கை நனைஞ்சா ஈஸ்ட் போயிடும்மா. மேசைமேல இருக்கிற அந்த எவர்சில்வர் டம்ளர்லயே குடுங்க."

வேதவல்லி கணவரின் கழுத்திலிருந்த குழாயைப் பார்த்தாள். பிறகு டம்ளரை நிரப்பி மேசையில் வைத்தாள்.

தவமணி குடித்துவிட்டுக் குழாயைப் பிடித்தாள். பத்து நிமிடமும் வேதவல்லி கைகூப்பியபடி நின்றாள்.

வேலை முடிந்து கதவைத் தாண்டியதும் உள்ளே டங்கென்று கேட்டது. மருத்துவக் கழிவு போடும் சிவப்புக் கூடைக்குள் எவர்சில்வர் விழுந்த சத்தம். எட்டு வருடம் அந்தக் கூடையைக் காலி செய்தவள் தவமணி. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.