காரணம் என்ற கட்டம்

தட்டலாமா என்று இவள் தயங்கும்போதே கதவு திறந்தது. ஜெசிந்தாவே நின்றாள்.

காசிமேட்டில், ஜெசிந்தாவின் அம்மா வீடு.

கணவன் வீட்டிலிருந்து ஜெசிந்தாவை அனுப்பி ஐந்து வாரமாகிறது.

அனுப்பவைத்தது இவளுடைய ஒரு வாக்கியம்.

எச்.ஐ.வி. தடுப்பூசி ஆய்வில் இவள் ஆலோசகர். ஜெசிந்தா நோயில்லாத தன்னார்வலர். அண்ணனை அந்த நோய்க்குப் பறிகொடுத்தவள். அதனாலேயே தானாக வந்து கையை நீட்டியவள்.

முதல் ஊசி போட்டாயிற்று. தீங்கு செய்யாத ஒரு வைரஸின் முதுகில் ஏற்றி அனுப்பிய மருந்து. அதே வைரஸ் மறுபடி வந்தால் உடம்பு வாசலிலேயே மடக்கிவிடும். அதனால் இரண்டாவது ஊசிக்கு வேறொரு வைரஸ். இரண்டும் சேர்ந்தால் எதிர்ப்பு வலுக்கும் என்று நம்பினார்கள்.

அந்த இரண்டாவது ஊசியின் தேதியை நினைவூட்டத்தான் இவள் போனில் அழைத்தாள்.

எடுத்தது ஜெசிந்தாவின் மாமியார். எங்கிருந்து என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து என்று மட்டுமே சொல்ல வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுப்பவளே இவள்தான். அன்று இன்னும் பதினாறு பேரை அழைக்க வேண்டியிருந்தது.

"எச்.ஐ.வி. ஊசி விஷயமா" என்றுவிட்டாள்.

மாமியார் போனை வைத்துவிட்டார்.

பிறகு அந்த வீட்டுக்கே நேரில் போய் விளக்கினாள். வெறும் ஆய்வு, நோய் இல்லை என்றாள். வாசலைத் தாண்ட விடவில்லை.

இப்போது இந்த வாசலில் சொல்ல ஒன்றுதான் இருந்தது.

"மன்னிச்சிடு ஜெசி."

ஜெசிந்தா உள்ளே போனாள். வெகுநேரம் கழித்து, புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"ஊசியால எனக்கு ஒண்ணும் ஆவலக்கா. ரெண்டாவது ஊசிக்கு இன்னிக்குத்தானே கடைசி நாளு? வாங்க."

பேருந்தில் ஜெசிந்தா இருவருக்கும் நடுவே தன் பையை வைத்துக்கொண்டாள்.

ஊசி போட்டதும் அரைமணி நேரம் உட்காரவைப்பார்கள். படிவம் நிரப்புவது அப்போதுதான்.

இவள் கேள்வியை வாசித்தாள்.

ஆய்வில் சேர்ந்ததால் வீட்டிலோ வெளியிலோ ஏதேனும் பாதிப்பு உண்டா?

ஜெசிந்தா பஞ்சைக் கையில் அழுத்தியபடி ஜன்னலைப் பார்த்திருந்தாள்.

"இல்லன்னு போட்டுக்கோங்க. உங்க வேலைக்கு எதுனா ஆயிடப் போவுது."

இவள் 'ஆம்' என்று எழுதினாள்.

அடுத்த கட்டம், காரணம்.

அதில் தன் முழுப்பெயரை எழுதினாள்.

இன்னும் இருபது நிமிடம் உட்கார வேண்டியிருந்தது.