இருபத்து மூன்றாவது லைப்ரரி

"ரெடிமேடா ஒண்ணையும் எறக்கக் கூடாது, கேட்டியளா? எல்லாத்தையும் சோர்ஸ்ல இருந்து நீங்களே கம்பைல் பண்ணணும். பாக்கெட் மசாலா வாங்காம மல்லி, வத்தல் வாங்கி மில்லுல திரிக்கோம்லா, அந்த மாதிரி."

சொல்லிவிட்டுச் சங்கரபாண்டி கடிகாரத்தைப் பார்த்தார். தென்காசியில், குற்றாலம் ரோட்டு மாடியில் சின்னதாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறவர். எதிரே மூன்று கம்ப்யூட்டர்கள். ஒரே ஒரு வேலைக்கு வந்திருந்த மூன்று பேர்.

"இது நாங்க ஆஸ்பத்திரிகளுக்குச் செய்யுத சாஃப்ட்வேர்தான். இதுக்குள்ள வெளியாளுங்க எழுதின லைப்ரரி முப்பத்தோரு எண்ணம் இருக்கு. சோர்ஸ் பூரா அந்த ஃபோல்டர்ல கெடக்கு. ஒரு மணிக்குள்ள முடிக்கணும்."

மூன்று பேரில் ஒருத்தி ஜெயபிரியா. சென்னையில் வேலை, நாலு வருடமாக அங்கே ஹாஸ்டலில் குடியிருக்கிறாள். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியும் அதே ஹாஸ்டல்தான். புருஷன் மணிகண்டபிரபுவுக்குப் பக்கத்து அச்சன்புதூரில் உரக்கடை. மாதத்துக்கு இரண்டு ஞாயிறுதான் அவர்களுக்குக் குடும்ப வாழ்க்கை. இந்த வேலை கிடைத்தால் தினமும் வீட்டுக்குப் போகலாம். கிடைக்காவிட்டால் நாளைச் சாயங்காலம் மறுபடியும் ரயில்.

மற்ற இருவரும் எதையும் சரிபார்க்காமல் கம்பைல் செய்துகொண்டே போனார்கள். ஜெயபிரியாவால் அப்படி முடியாது. லைப்ரரி எனும் அந்தப் பொது நிரல்களை எழுதியவர்கள், அவற்றின் சோர்ஸுக்கு, அதாவது மூல வரிகளுக்கு, ஒரு நீள எண்ணைத் தங்கள் இணையதளத்தில் போட்டிருப்பார்கள். கைரேகை மாதிரி. சோர்ஸில் ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். கையில் உள்ள சோர்ஸின் எண்ணோடு அதை ஒப்பிட்ட பிறகே அவள் கம்பைல் செய்வாள். நல்ல பழக்கம்தான், ஆனால் நேரத்தைத் தின்னும்.

பன்னிரண்டு மணிக்குத் துல்கர்னைன் எழுந்தான். "முடிச்சிட்டேன் சார்."

பன்னிரண்டரைக்கு எபனேசர். "எல்லாம் ஓடிட்டு சார். ஒரு எரர்கூட இல்ல."

சங்கரபாண்டி ஜெயபிரியாவின் பின்னால் வந்து நின்றார். "அவங்க சட்டுபுட்டுனு முடிச்சிட்டாங்க. நீங்க இன்னும் என்னம்மா பண்ணுதீங்க?"

"ஆச்சு சார். இருபத்திரண்டு முடிஞ்சிட்டு."

போன் அதிர்ந்தது. மணிகண்டபிரபுதான். மூன்றாவது தடவை. 'ஏட்டி, என்னாச்சு?' என்று கேட்டிருந்தான். பதில் போடவில்லை. வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தும் அவளுக்கு முதுகு வேர்த்தது.

இருபத்து மூன்றாவது லைப்ரரி. எண் ஒத்துவரவில்லை.

அவசரத்தில் தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று மறுபடி பார்த்தாள். இன்னொரு தடவையும் பார்த்தாள். ஊஹூம். மணி பன்னிரண்டு நாற்பது. பேசாமல் ஓட்டிவிடு என்றது மனசு. ஓட்டினால் ஓடிவிடும், எவரும் கேட்கப்போவதில்லை. இன்னும் எட்டுதான் பாக்கி, முடித்துவிடலாம். ரயிலை நினைத்தாள். கை பட்டன் வரை போய் நின்றது.

"சார், இதை நான் கம்பைல் பண்ண மாட்டேன்."

"ஏன், எரர் வருதா?"

"வராது சார். அதான் பயமா இருக்கு. எழுதினவரு வச்ச சோர்ஸ் இது இல்ல. நடுவுல யாரோ கை வச்சிருக்காங்க."

"மத்த ரெண்டு பேருக்கும் ஓடிட்டேம்மா?"

"ஓடும் சார். ஓடாம நின்னாத்தான் கண்டுபிடிச்சிருவோம்லா."

எழுதியவரின் இணையதளத்தில் இருந்த அசலையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்தாள். ஐயாயிரம் வரிகளுக்கு நடுவில் ஒன்பது வரிகள் கூடுதலாக இருந்தன. நோயாளியின் பெயர், நோய், போன் நம்பர், எல்லாவற்றையும் சத்தமில்லாமல் ஏதோ ஒரு முகவரிக்கு அனுப்பும் வரிகள்.

சங்கரபாண்டி குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை. அவர் முகத்தைப் பார்த்த ஜெயபிரியாவுக்குச் சட்டென்று விளங்கியது. சிரிப்பு வந்துவிட்டது.

"சார்! இது டெஸ்டா? யாரு கண்டுபிடிக்காங்கன்னு பாக்க நீங்களே வச்சதா?"

சங்கரபாண்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெல்லத் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு அந்த இருவரையும் பார்த்து, "தம்பிகளா, நீங்க கெளம்பலாம்" என்றார்.

"அப்ப எனக்கு..."

"வேலை உங்களுக்குத்தான். திங்கக்கிழமை காலையில வந்துருங்க. அதை மூடாதீங்க, அப்படியே தெறந்திருக்கட்டும்."

ஜெயபிரியா இரண்டு இரண்டு படியாக இறங்கினாள். பாதிப் படியிலேயே போனில் கத்தினாள். "கெடச்சிட்டுங்க! ரயில் டிக்கெட்டக் கேன்சல் பண்ணுங்க. என்னா டெஸ்டு தெரியுமா? மனுஷன் எமகாதகன்!"

மாடியில் சங்கரபாண்டி கதவைச் சாத்தினார். ஆபீஸைக் கவனித்துக்கொள்ளும் ஜெஸி காபியுடன் வந்தாள்.

"ஜெஸி, நம்ம நாப்பது ஆஸ்பத்திரிக்கும் போன் போடு. சாஃப்ட்வேரை இந்த நிமிஷமே நிறுத்தச் சொல்லு."

"ஏன் சார்? டெஸ்டுதான் நல்லபடியா முடிஞ்சிட்டே?"

"நான் டெஸ்டுக்குன்னு அதுல ஒண்ணும் வைக்கலம்மா. போன வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம் வந்துரும்னு எதையும் சரிபார்க்காம அவசர அவசரமா எல்லா ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினோம்லா, அதுவும் இதே ஃபோல்டர்ல இருந்து செஞ்சதுதான்."