கடைசி வண்டி

ஒவ்வொரு வருடத்தின் கடைசி ஞாயிறன்றும் மலையடிவாரத்தில் மோட்டார் சைக்கிள்களோடு கூடும் அந்த நண்பர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கடைசியாக வருபவன் தன் வண்டியின் என்ஜினை அணைக்கும்வரை மற்ற யாரும் அணைக்கக் கூடாது. எப்போதும் கடைசியாக வருபவன் நிஜாம்தான். இந்த வருடம் அவன் பேருந்திலிருந்து இறங்கினான். தலையில் ஹெல்மெட் இருந்தது. முதுகெலும்பு தேய்ந்துவிட்டதால் டாக்டர் சொல்லி வண்டியை விற்றிருந்தான். யாரிடமும் சொல்லவில்லை.

"என்னடா, வண்டிய பஸ் மேல ஏத்திட்டு வந்தியா?" என்றான் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

"முதுகு போச்சுடா. வண்டிய குடுத்துட்டேன். சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்றான் நிஜாம். "நீங்க ஆஃப் பண்ணுங்க."

ஒருவரும் அணைக்கவில்லை. விடியலிலிருந்து ஓட்டி வந்தவர்களின் தோள்கள் தொங்கிப்போயிருந்தன. புகையில் கண்கள் எரிந்தன. எட்வின் தன் வண்டியைக் காலால் உந்தி நகர்த்தி, பக்கத்தில் இன்னொரு வண்டி நிற்கும் அளவுக்கு இடம் விட்டான். நிஜாம் அங்கே போய் நின்றான்.

"ஆஃப் பண்ணித் தொலைடா," என்றான் எட்வின். "கை மரத்துப் போச்சு."

நிஜாம் வலது கையை நீட்டினான். இடுப்பு உயரத்தில், வெறும் காற்றில், அவன் விரல்கள் சாவியைப் பிடிப்பதுபோல் குவிந்தன. ஆனால் அவன் திருப்பவில்லை.